தெரிந்தால் மட்டும் அமுக்கவும்

இர்ர் என்பது மெஷின், டக் என்பது கலாமணி. இர்ர் என்றால் அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் எங்கோ ஓர் இடத்துக்கு வெளிச்சப் பொட்டு நகர்கிறது, டக் என்றால் அது அவளுக்குத் தெரிந்து பட்டனை அமுக்கிவிட்டாள், இரண்டுக்கும் நடுவில் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இருட்டில், ஸ்டூலில், செருப்பை வெளியே விட்டுவந்த வெறுங்காலோடு, ஐம்பத்தெட்டு வயதில். பகல் பதினொரு மணி, கதவுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது, இங்கே ஏ.சி. போட்டுக் கறுப்புத் திரை தொங்கவிட்டு இரவாக்கி வைத்திருக்கிறார்கள். வலது கண் முடிந்துவிட்டது. அதில் இர்ர் இருந்தது, பாதிக்கு மேல் டக் இல்லை. இர்ர், ஒன்றுமில்லை. இர்ர், ஒன்றுமில்லை. இர்ர், டக். இர்ர், ஒன்றுமில்லை. எண்ணக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், விரல் தானாக மடங்கிக்கொண்டே போனது, இரண்டு கை விரலும் எத்தனை முறை மடங்கி விரிந்ததென்று மறந்த பிறகுதான் விட்டேன். இப்போது இடது கண். வலது கண்ணுக்கு மேல் வெள்ளைத் துணி மூடியிருக்கிறது, தாடை அந்தப் பிளாஸ்டிக் குழியில், நெற்றி பட்டையில், கையில் பட்டன், என் மனைவி கலாமணி ஒரு கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முதுகு மட்டும் எனக்குத் தெரிகிறது, ரவிக்கை முதுகில் அவளே வைத்துத் தைத்த நீலப் பட்டி. மெஷினை ஓட்டுகிற பெண் ஹசீனாவுக்கு இருபத்து மூன்று வயது இருந்தால் அதிகம். "ஆன்ட்டி, நடுவுல மஞ்சளா ஒரு லைட் தெரியுதுல்லங்க, அதையே பாருங்க. கண்ண அங்க இங்க ஓட்டாதீங்க. சுத்தி எங்கயாச்சும் சின்னதா ஒரு புள்ளி மின்னுச்சுன்னா பட்டன அமுக்கோணும். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. தெரியலீன்னா சும்மா இருங்க, அதுவும் தப்பில்லீங்க." அதுவும் தப்பில்லீங்க. அதைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட வந்தவர்களை இந்த அறைக்குள் விடுவதில்லை, ஈரோட்டில் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், இந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புகிறவன் என்பதால் எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல். பெரிய மரியாதைதான் போ.

இன்றைக்கு இந்த இடது கண் சொல்வதை வைத்துத்தான் டாக்டரம்மா முடிவு செய்யப்போகிறார். நாலு மாதத்துக்கு முன்பு எடுத்த படம் அப்படியே இருந்தால் சொட்டு மருந்தைத் தொடரலாம், மூன்று மாதம் கழித்து வந்தால் போதும். அதைவிடக் குறைந்திருந்தால் வெள்ளிக்கிழமையே ஆபரேஷன், தள்ளிப் போட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். வலது கண்ணைப் பற்றி அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். இர்ர், டக். நல்லது. இர்ர், டக். நல்லது. போன தடவை அந்தப் படத்தைக் கையில் கொடுத்தார்கள். வட்டம் போட்டு, வெள்ளையாக இருந்தால் பார்வை, கறுப்பாக இருந்தால் பார்வை இல்லை. வலது வட்டம் முழுக்க மை கொட்டினமாதிரி, நடுவில் மட்டும் ஒரு கட்டை விரல் அகலம் வெள்ளை. இடது வட்டத்தில் மேலே ஒரு வளைவாகக் கறுப்பு. கலாமணி கேட்டாள், "ஏனுங்க, இந்தக் கறுப்பு எடத்துல எனக்குக் கறுப்பாத் தெரியோணும்ல? அப்பிடியொண்ணும் தெரியலீங்களே." அங்கேதான் இந்தச் சனியன் நம்மை ஏமாற்றுகிறது. கறுப்பாகத் தெரிந்திருந்தால் என்றைக்கோ அலறியிருப்பாள். போன இடத்தை மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்ளும், சுவர் இருந்தால் சுவரை இழுத்து ஒட்டிக்கொள்ளும், தெரு இருந்தால் தெருவை. அந்தத் தெருவில் வருகிற ஆளை அது எங்கே போய்க் கொண்டுவரும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கண்ணிலும் ஓர் இடம் பிறவியிலேயே குருடுதான், நரம்பு கண்ணை விட்டு வெளியே போகிற இடம், அங்கே வெளிச்சத்தை வாங்குகிற திசுவே கிடையாது. எனக்கு இருக்கிறது, ஹசீனாவுக்கு இருக்கிறது, யாருக்காவது தெரிகிறதா? மெஷின்கூட நடுநடுவே அந்த இடத்தில் வேண்டுமென்றே பொட்டைக் காட்டிப் பார்க்கும், அப்போது அமுக்கினால் கண் அசைகிறது என்று பிடித்துவிடும். நான் இதெல்லாம் படித்திருக்கிறேன். இரண்டு வருஷம் கோயமுத்தூரில் படித்தேன், பாஸ் செய்தேன், சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

கடை மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கண் இருக்கிறது, லென்ஸ் கம்பெனிக்காரன் கொடுத்தது, ஆரஞ்சுப் பழம் அளவு, கழற்றினால் உள்ளே லென்ஸ், விழித்திரை எல்லாம் தனித்தனியாக வரும். பின்பக்கம் மஞ்சளாக ஒரு வால். ஒரு அங்குலம் இருக்கும், அதோடு நறுக்கென்று வெட்டிவிட்டிருப்பான். கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கு நான் விளக்குவேன், வெளிச்சம் இப்படி வருது, இங்க வளையுது, இங்க விழுது, உங்களுக்கு அதுக்கு முன்னாலயே விழறதால மைனஸ் பவர். அப்புறம் என்று யாராவது கேட்டால் அந்த மஞ்சள் வாலை விரலால் தட்டி, அப்பறம் இது வழியா மூளைக்குப் போயிரும் என்பேன். போயிரும். தபால் பெட்டியில் போட்டமாதிரி. என் தொழில் அந்த வாலுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது, அதற்குப் பின்னால் என்ன நடந்தாலும் கண்ணாடி போட்டுச் சரிசெய்ய முடியாது என்பதால் நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது நாலு மாதமாக வேறு எதையும் நினைக்கவில்லை. அந்த வாலுக்குள் பன்னிரண்டு லட்சம் இழை. பென்சில் கனம்கூட இல்லாத ஒன்றில் பன்னிரண்டு லட்சம். ஒவ்வொரு இழையும் விழித்திரையில் ஓர் இடத்திலிருந்து கிளம்பி, எல்லாம் ஓர் இடத்தில் கூடி, சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு தடுப்பு வழியாக நுழைந்து, பின்னால் போகும். இரண்டு கண்ணின் நரம்பும் மண்டைக்குள் ஓர் இடத்தில் சந்தித்துப் பாதிப்பாதி இழைகளை மாற்றிக்கொள்ளும், மூக்குப் பக்கத்து இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டிப் போகும், அதனால் வலது பக்கம் இருப்பதையெல்லாம் இடது மூளையும் இடது பக்கம் இருப்பதையெல்லாம் வலது மூளையும் பார்க்கும், இரண்டையும் சேர்த்து ஒரே உலகமாகத் தைத்துக் கொடுத்துவிடும், தையல் எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சல்லடையில்தான் கலாமணிக்கு நெரிந்திருக்கிறது. கண்ணுக்குள் தண்ணீர் அழுத்தம் ஏறி ஏறி, இழைகளை அந்த ஓட்டைகளின் விளிம்பில் வைத்து நசுக்கியிருக்கிறது, வலி இல்லாமல், சிவப்பு இல்லாமல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம். ஓரத்துப் பார்வையின் இழைகள் முதலில் சாகும். நடுப் பார்வையின் இழைகள் கடைசிவரை நிற்கும். செத்த இழை திரும்ப முளைக்காது. துணியில் இழை போனால் அவள் இழுத்துத் தைத்துவிடுவாள், ரபு செய்த இடமே தெரியாது, அப்படி ஒரு கை அவளுக்கு.

ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரத்தை இப்போது நினைக்கக் கூடாது. இர்ர், டக். மெஷின் சத்தத்தைக் கேள்.

கண்ணாடிக்குப் பார்வை அளவெடுக்கிறவன் வீட்டிலேயே ஒருத்திக்கு இப்படி ஆனால் ஊர் சிரிக்காதா? சிரிக்கும், சிரிக்கட்டும். நான் அவளுக்கு வருஷா வருஷம் பார்வை எடுத்திருக்கிறேன். கடையை மூடுகிற நேரத்துக்கு வரச் சொல்லி, எழுத்து அட்டைக்கு முன்னால் உட்காரவைத்து, கடைசி வரியைப் படி என்பேன், கடகடவென்று படிப்பாள், எனக்குப் பெருமையாக இருக்கும். ஐம்பது வயதில் ஊசியில் நூல் கோர்க்க மட்டும் ஒரு பவர், தூரத்துக்கு ஒன்றுமே வேண்டாம். பார் என் பொண்டாட்டி கண்ணை என்று கடைப் பையனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். எழுத்து அட்டை நடுப் பார்வையை மட்டும்தான் கேட்கும். சாவிக் குழி வழியாகப் பார்க்கிறவனும் கடைசி வரியைப் படித்துவிடுவான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கையில் இருந்தது எழுத்து அட்டை, நான் எழுத்து அட்டையைக் காட்டினேன், அவள் படித்தாள், இருவரும் சந்தோஷமாக பஸ் ஏறி வீட்டுக்குப் போனோம். அதே வருஷம்தான் பெருந்துறைக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "வாங்க" சொல்லியே ஆக வேண்டும், வீட்டுக்காரர் விருந்தாளிக்கு என்றில்லை, யாரும் யாருக்கும். வாங்க சொல்லாமல் தாண்டிப் போனால் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது, சாவுக்குக்கூட யோசித்துத்தான் வருவார்கள். மண்டப வாசலில் என் பெரியப்பா மகன் சம்சாரம் பக்கத்தில் நின்று "வாங்க கலா" என்று கை கூப்பியிருக்கிறாள், மேளச் சத்தம் வேறு, இவள் அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்து அத்தை. அடுத்து சம்பந்தி வீட்டார். பந்தி முடிவதற்குள் "கடைக்காரர் பொண்டாட்டிக்கு வந்த கொழுப்பப் பாரு" என்று என் காதுக்கே வந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? பஸ்ஸில் வைத்து, பத்துப் பேர் கேட்க, வாங்கு வாங்கென்று வாங்கினேன். "மனுசங்க நிக்கறது கண்ணு தெரியலயா உனக்கு? அவ்வளவு திமிரா?" அவள் என் கையைத் தொட்டு, "நெசமாலுமே பாக்கலீங்க, பக்கத்துலதான் நின்னாங்களா?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் விசேஷங்களில் எதிரே இருக்கிற தூணுக்கும் நாற்காலிக்கும்கூட வாங்க சொல்வாள் என்று கேலி பேச ஆரம்பித்தார்கள், உள்ளே நுழைந்ததிலிருந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, வாங்க, வாங்க, வாங்க என்று, யாரையும் விட்டுவிடக் கூடாதென்று. நானும் அந்தக் கேலியில் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேன்.

தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டால் கவனமில்லை என்பேன். நிலைப்படியில் தோள் இடித்தால் நேராக நடக்கத் தெரியாதா என்பேன். கேஸ் சிலிண்டர் தடுக்கி முட்டி கிழிந்த அன்றைக்குக்கூட நான் சிலிண்டரை வைத்த இடத்தைத்தான் திட்டினேன், அதுவும் அவள் வைத்த இடம். கண்ணைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் கண் என் இலாகா, அது சரியாக இருக்கிறதென்று நான் ஏற்கனவே எழுதிவைத்துவிட்டேன். இர்ர், டக். இர்ர், டக். எவ்வளவு வேகமாக அமுக்குகிறாள். கடைசியில் போன தை மாதம் ரோட்டைத் தாண்டும்போது ஒரு மொபெட் வலது பக்கமிருந்து வந்து அவள் முந்தானையைக் கிழித்துக்கொண்டு போனதும், "அது எங்கிருந்துங்க வந்துச்சு" என்று அவள் நடு ரோட்டில் நின்று கேட்டதும், எனக்குள் ஏதோ விழுந்தது. அன்றைக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கையே பார் என்று சொல்லி, பக்கத்தில் விரலை ஆட்டிக்கொண்டே நடுவுக்குக் கொண்டுவந்தேன். விரல் தெரியும்போது சொல்லு என்றேன். விரல் வந்துகொண்டே இருந்தது. அவள் சொல்லவே இல்லை. கிட்டத்தட்ட என் காதுக்கு நேரே வந்த பிறகுதான் "இப்பத் தெரியுதுங்க" என்று சிரித்தாள். நான் கையைக் கீழே போட்டுவிட்டு, விளக்கை அணைக்கப் போகிறவன் மாதிரி ஸ்விட்ச் பக்கம் போய் நின்றுகொண்டேன், முகத்தைக் காட்ட முடியாமல்.

மறுநாள் இங்கே வந்தோம். அழுத்தம் பார்த்தார்கள், இருபதுக்குள் இருக்க வேண்டியது நாற்பதுக்கு மேல். டாக்டரம்மா கருவியை வைத்துக் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து, நரம்பு முனை வெளுத்து நடுவில் குழி விழுந்திருக்கிறது என்றார். அப்புறம் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார், "ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஏதாச்சும் ரொம்ப நாள் போட்டீங்களா? அரிப்புக்கு, அலர்ஜிக்கு, அந்த மாதிரி? யோசிச்சுச் சொல்லுங்க." யோசிக்க ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை நான். "இல்லீங்க மேடம்." கலாமணி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு நேராக மட்டும்தானே பார்க்க முடியும். ஸ்டீராய்டு என்றால் அந்த வெள்ளை மூடிப் பாட்டில் என்று அவளுக்குத் தெரியாது என்று நான் என்னிடம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, தெருமுனைக் குப்பையில், பாலிதீன் பையில் சுற்றி, திருடன் மாதிரி.

ரெண்டு வாரம். சரி, வா, நினைத்துத் தொலைக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு மாசி மாதம் அவளுக்குக் கண் அரிப்பு வந்தது, தையல் மெஷினில் பஞ்சுத் தூசி, அது போதாதென்று மஞ்சள் மண்டித் தூசி, தேய்த்துத் தேய்த்து இமை வீங்கிவிடும். ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தார், தினம் நாலு தடவை, ரெண்டு வாரம், அதற்கு மேல் வேண்டாம் என்று சீட்டில் அடிக்கோடு போட்டார். போட்ட பத்தே நிமிஷத்தில் அரிப்பு பறந்துவிட்டது. அடுத்த வருஷம் அரிப்பு வந்ததும் எதற்கு மறுபடி டாக்டரிடம் உட்கார்ந்து காத்துக்கிடக்க வேண்டும், பக்கத்து மெடிக்கலில் நம்ம ஆள், சீட்டு எதுவும் கேட்கமாட்டான், கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாததா என்பான். ஆமாம், தெரியாததா. பிறகு மாசி மாதம் மட்டும் என்பது போய் வருஷம் முழுக்க ஆனது. நிறுத்தினால் அரிப்பு, போட்டால் சுகம். கடையை விட்டு வந்து கை கால் கழுவியதும் அவள் தையல் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை அண்ணாந்துகொள்வாள், நான் பின்னால் நின்று, இடது கையால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, மேல பாரு அம்மிணி என்பேன், ஒரு சொட்டு. அந்தக் கண். இன்னொரு சொட்டு. அப்புறம் மூக்கு ஓரத்தை ஒரு நிமிஷம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க. அந்த ஒரு நிமிஷம் அவள் தலை என் வயிற்றில் சாய்ந்திருக்கும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் அவள் முகத்தை அதிகமாகத் தொட்டது அந்த ஒரு நிமிஷத்தில்தான், எங்களுக்குக் கொஞ்சத் தெரியாது, குழந்தையும் இல்லை, அதுதான் எங்கள் கொஞ்சல். சில நாள் அரிப்பே இல்லாதபோதுகூட அவள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொள்வாள், நானும் கேட்காமல் விடுவேன். ஆறு வருஷம். கடைசியில் தினமும். என் கையால். மற்றவன் யாராவது செய்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இந்தச் சட்டையை எப்படிப் பிடிப்பது.

இர்ர், டக். இர்ர், டக். இர்ர், டக். ஏய், நில்லு. எவ்வளவு நேரமாக இப்படிப் போகிறது? ஒன்றுகூட விடாமல் அமுக்குகிறாளே. அப்படியானால் மேலே இருந்த அந்தக் கறுப்பு வளைவு, அதிலுமா தெரிகிறது? மருந்து வேலை செய்கிறதா? இருக்கலாம், சிலருக்கு அழுத்தம் இறங்கினால் மயக்கத்தில் கிடந்த இழைகள் எழுந்துகொள்ளுமாம், எங்கோ படித்தேன், அல்லது படித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனசு கெட்டது, உடனே குதிக்க ஆரம்பித்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் கழித்து வந்தால் போதும், அப்புறம் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை, சரியாகிவிட்டதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள், அந்தப் பாட்டில் குப்பையோடு போய்ச் சேர்ந்துவிடும். இர்ர், டக். ஆனால் இது என்ன, இர்ர் முடிவதற்குள் டக். பொட்டைப் பார்க்கிறவள் இர்ர் நின்று, பொட்டு மின்னி, அதற்குப் பிறகுதானே அமுக்க வேண்டும். வலது கண்ணில் அப்படித்தான் அமுக்கினாள், யோசித்து, தயங்கி. இப்போது தறி ஓடுகிறமாதிரி ஓடுகிறது. ஹசீனா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கி, "ஆன்ட்டி, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க" என்கிறாள். கிண்ணத்துக்குள்ளிருந்து "ம்" என்று வருகிறது. இர்ர், டக். காலையில் இட்லி வைக்கும்போது கேட்டாள், "ஏனுங்க, எத்தன தடவ அமுக்குனா நல்லதுங்க?" நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "எத்தனைக்கெத்தன அமுக்கறியோ அத்தனைக்கத்தன நல்லது" என்றேன். போன தடவை இங்கிருந்து வெளியே போனதும் நான்தான் சொன்னேன், இன்னுங் கொஞ்சம் நல்லாப் பண்ணியிருக்கலாம் கலா என்று. கணக்குப் பரீட்சை எழுதியவளிடம் சொல்லுகிறமாதிரி. பஸ்ஸில் நான் பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்ததை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இவள் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. இவள் சத்தத்துக்கு அமுக்குகிறாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பது தெரிந்து, என் காதுக்கு அமுக்குகிறாள்.

மெஷினை அவளால் ஏமாற்ற முடியாது. அது நடுநடுவே பொட்டே காட்டாமல் வெறும் சத்தத்தை மட்டும் போட்டுப் பார்க்கும், அப்போது டக் என்றால் பொய் என்று குறித்துக்கொள்ளும். ஆனால் பொய் அதிகமானால் அந்தப் படம் எதற்கும் உதவாது, டாக்டரம்மாவுக்கு எங்கே எவ்வளவு போயிருக்கிறதென்று தெரியாது, சரி, ஒரு மாதம் கழித்து வந்து எடுங்கள் என்பார், அந்த ஒரு மாதத்தில் இருக்கிற இழைகளில் இன்னும் எத்தனை. சொல்லிவிட வேண்டும், இப்போதே. கலா, சத்தத்துக்கு அமுக்காதே, பொய் சொல்லாதே. வாய்வரை வந்துவிட்டது, அங்கே நின்றுகொண்டது. பொய் சொல்லாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அவள் எனக்காக ஐந்து நிமிஷமாகப் பொய் அமுக்குகிறாள், நான் எனக்காக நாலு மாதமாக. டாக்டரம்மா கேட்டபோது நான் ஆமாம் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னைத் திட்டியிருப்பார். அவ்வளவுதான். திட்டுக்குப் பயந்தேனா? இல்லை, அவர் திட்டுவதை இவள் கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். இவள் என் வயிற்றில் தலை சாய்த்துக்கொள்கிற அந்த ஒரு நிமிஷம் போய்விடும் என்று பயந்தேன், இப்போதும் புது மருந்தை நான்தான் விடுகிறேன், இப்போதும் சாய்ந்துகொள்கிறாள். இர்ர், டக். இர்ர், டக். இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கும், இடது கண்ணும் முடிந்துவிடும். ஹசீனா இரண்டாம் தடவை "ஆன்ட்டி" என்றாள். நான் எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, ஸ்டூல் சாய்ந்து சுவரில் இடித்தது.

"கலா, சத்தத்துக்கு அமுக்காத."

டக் நின்றது. ஹசீனா மெஷினை நிறுத்திவிட்டு, "அங்கிள், பேசக் கூடாதுங்க" என்றாள். என்னால் நிறுத்த முடியவில்லை.

"எனக்கோசரம் அமுக்காத அம்மிணி. நான் சொன்ன பொய்யே போதும். அந்த வெள்ள மூடி மருந்துதான், அதனாலதான் உனக்கு இப்பிடி ஆச்சு. ரெண்டு வாரம் போடச் சொன்னத நான் ஆறு வருசம் போட்டேன். டாக்டரம்மா கேட்டப்ப இல்லீன்னு சொன்னதும் நாந்தான்."

அவள் தாடையை எடுக்கவில்லை. கிண்ணத்துக்குள் தலை அப்படியே இருந்தது, முதுகில் அந்த நீலப் பட்டி ஒரு தடவை ஏறி இறங்கியது.

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமுங்க," என்றாள், பல்லைத் திறக்காமல், தாடை அசையாமல். "அன்னைக்கே நீங்க மருந்து வாங்கக் கீழ போனப்ப நான் திரும்ப உள்ள போயிச் சொல்லீட்டேன். அவரு பயந்துக்கிட்டு இல்லீன்னுட்டாருங்க, நீங்க அவர ஒண்ணுங் கேக்காதீங்கன்னு சொன்னேன்."

நான் சாய்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொட்டு விடறப்பல்லாம் இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு தலையச் சாச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலு மாசம்."

"கலா..."

"நீங்க வெளிய இருங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கை நெசத்த அமுக்க மாட்டேங்குது." பட்டன் பிடித்த கையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஹசீனாவிடம் சொன்னாள், "மொதல்ல இருந்து போடு கண்ணு."

ஹசீனா என்னைப் பார்க்காமல் கதவைக் காட்டினாள். வெளிச்சம் உள்ளே போய்விடக் கூடாதென்று திரையைக் கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சமாகத் திறந்து, ஒருக்களித்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். காதை வைத்துப் பார்த்தேன். கனத்த கதவு, உள்ளே நடப்பது எதுவும் கேட்கவில்லை.